ஆட்டோகிராஃபில் எழுதிய லட்சியம்

என் கனவு நிறைவேறிவிட்டதாம். எனக்கே தெரியாமல் நிறைவேறியிருக்கிறது. சென்ற ஆண்டு அழகர்கோவில் ரோட்டில் ஒரு ஹோட்டல் ஹாலில் எங்கள் 1988 பிளஸ் டூ செட்டுப் பெண்கள் கூடினோம். செல்லூர்க்காரி மைக்கைப் பிடித்து அறிவித்தாள்: "இவ ரேடியோவுல நியூஸ் வாசிக்கணும்னு சொல்லிக்கிட்டே திரிஞ்சா. இப்ப வக்கீல் ஆபீஸ்ல தெனமும் அஃபிடவிட்டு வாசிக்கிறா. வாசிக்கிறாளா இல்லையா? அப்புறம் என்ன!" எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் எரிச்சல் வந்தது.

அவள் மேல் எரிச்சல் இல்லை. அவள் நல்லவள், அன்றைக்கு ஹால் வாடகையில் பாதியை அவளே கொடுத்தாள். ஐம்பதைத் தாண்டியவர்கள் ஓரிடத்தில் கூடினால் ஒருவருக்கொருவர் எதையாவது நிறைவேற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஓர் அவசரம் வந்துவிடுகிறது. டாக்டர் ஆக நினைத்தவள் குவைத்தில் நர்ஸாக இருந்து திரும்பியிருக்கிறாள். "அதுவும் அதே ஆஸ்பத்திரிதானடி" என்றார்கள். டீச்சர் ஆசையில் இருந்தவள் மாடியில் ஐந்தாறு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள், அவளுக்கும் நிறைவேறிவிட்டது. இப்படியே போனால் கலெக்டர் ஆக ஆசைப்பட்டவளுக்கு ரேஷன் கார்டு கிடைத்ததைக்கூடக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நடக்காதது நடக்கவில்லை. அதைச் சொல்வதால் யாரும் அழப்போவதும் இல்லை.

நான் ஆசைப்பட்டது என்ன என்பதைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஆழ்வார்புரத்தில் வைகைக் கரையை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. அப்பா கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மண்டியில் கணக்கு எழுதினார். காலையில் அவர் சட்டை மாட்டும் நேரமும் டெல்லிச் செய்தி வரும் ஏழே கால் மணியும் ஒன்று. "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்று அந்தக் குரல் வந்ததும் எங்கள் வீடு வாயை மூடிக்கொள்ளும். எனக்கு அண்ணன் தம்பி என்று நான்கு பேர். அந்த வீட்டில் நான் ஆரம்பித்த வாக்கியத்தை நானே முடித்ததாக நினைவில்லை. யாராவது குறுக்கே வந்து முடித்து வைப்பார்கள், இல்லாவிட்டால் அது அப்படியே அந்தரத்தில் நிற்கும். அங்கே ஒரு பெண் பத்து நிமிடம் பேசுகிறாள், என் அப்பா, என் நான்கு சகோதரர்கள், வாசலில் வந்து நிற்கும் பால்காரர் உட்பட ஒருத்தரும் குறுக்கே பேசவில்லை! பிரதமர், கவர்னர், புயல் சின்னம், பருப்பு விலை என்று அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வந்தால்தான் அது நடந்தது என்று அர்த்தம். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். சினிமாவில் வரும் புகழ் ஆசை கிடையாது. முகம் தெரியவே வேண்டாம்.

அதற்குப் பக்கத்திலேயே இலங்கை வானொலியும் இருந்தது. மதுரைப் பக்கம் எண்பதுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பி.எச்.அப்துல் ஹமீது, கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம் என்று அந்தப் பெயர்களெல்லாம் எங்கள் சொந்தக்காரர்கள் மாதிரி வீட்டுக்குள் புழங்கின. ராஜேஸ்வரி சண்முகம் பேசினால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும். சரோஜ் நாராயணசுவாமி பேசினால் எழுந்து நிற்கத் தோன்றும். நான் இரண்டாவது கட்சி. தினத்தாளை மடித்து வைத்துக்கொண்டு, கொல்லைப்புறம் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, தலைப்புச் செய்திகளை அவர் மாதிரியே வாசிப்பேன். மதுரைப் பேச்சில் ஓர் இழுவை உண்டே, "என்னண்ணே", "வாங்கண்ணே" என்று கடைசி எழுத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு போவது, அதை என் வாயிலிருந்து துடைத்தெடுக்கப் பெரும்பாடு பட்டேன்.

பள்ளி முடியும்போது ஆட்டோகிராஃப் எழுதிக்கொள்ளும் வழக்கம் உச்சத்தில் இருந்தது. புதுமண்டபம் பக்கத்துக் கடைகளில் கலர் கலராகப் பக்கம் வைத்த சின்ன நோட்டு விற்பார்கள். (அந்தப் புதுமண்டபக் கடைகளே இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. பிளஸ் டூ புத்தகத்தைப் பாதி விலைக்கு வாங்கி, அடுத்த வருடம் கால் விலைக்கு அங்கேயே விற்ற தலைமுறை நாங்கள்.) பெயர், முகவரி, பிடித்த நிறம், பிடித்த நடிகர் எல்லாம் எழுதியபின் கடைசியில் லட்சியம். மஞ்சள் பக்கத்தில் பச்சை மையில் டாக்டர், இளஞ்சிவப்புப் பக்கத்தில் கலெக்டர், இன்னொன்றில் கிரண் பேடி மாதிரி போலீஸ்.

என்னிடம் அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. கூட்டத்துக்கு எடுத்துப்போனேன், ஆளாளுக்கு வாங்கிப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்கு எனக்குப் புலப்படாத ஒன்று இப்போது படிக்கும்போது பட்டது. டாக்டர், இன்ஜினியர் என்று எழுதியவர்கள் அத்தனை பேரும் ஃபர்ஸ்ட் குரூப். எங்கள் தேர்ட் குரூப்பில் வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப் பதிவியல் படித்தவர்கள் பெரும்பாலும் 'டீச்சர்', 'பேங்க் வேலை' என்று எழுதியிருக்கிறார்கள்; சிலர் அந்த இடத்தில் ஒரு ரோஜாப்பூ வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு மார்க்கைப் பார்த்துக் குரூப் பிரித்த அன்றைக்கே ஆசைப்படும் உரிமையையும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஃபர்ஸ்ட் குரூப் பெண்களிடம் வருகிறவர் போகிறவர் எல்லாம் "என்ன ஆகப் போற?" என்று கேட்பார்கள். எங்களிடம் "டைப்ரைட்டிங் சேர்ந்துட்டியா?" என்று கேட்பார்கள். எங்கள் நோட்டுகளைப் புரட்டினால் பதினேழு வயதுப் பெண்களின் மனசு தெரியாது. ஊர் எந்தெந்த ஆசையை எந்தெந்தப் பிள்ளைக்கு அனுமதித்தது என்பது தெரியும். முனிச்சாலைக்காரி என் நோட்டில் எழுதியிருப்பது: "லட்சியம்: வீட்ல சொல்றபடி."

பரீட்சை முடிந்து ரிசல்ட் வரும்வரை உள்ள காலம் மதுரைப் பிள்ளைகளுக்குச் சித்திரைத் திருவிழாவில் கரைந்துவிடும். பெரிய கோயிலில் கொடியேற்றம், பட்டாபிஷேகம், கல்யாணம், தேர், அதன்பின் அழகர் வைகையில் இறங்குவது. ஆழ்வார்புரத்தில் வீடு இருந்தால் அந்தக் கூட்டத்தைத் தேடிப் போகவே வேண்டாம், வாசலுக்கு வரும். 1988-ல் எங்கள் தெருப் பையன்கள் தண்ணீர்ப்பந்தல் போட்டார்கள். பானகம், நீர்மோர், கூம்பு ஸ்பீக்கர், மைக் செட். மைக் பக்கம் உட்கார்ந்திருந்த பையனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு சின்னப் பயலைத் தூக்கிக்கொண்டு வந்து விட்டார்கள். நாலு வயசு இருக்கும். பேர் கேட்டால் அழுகிறான். அம்மா பேர் கேட்டால் "அம்மா" என்கிறான். ஊர் கேட்டால் "பஸ்" என்கிறான்.

என் பெரிய அண்ணன்தான் என்னை இழுத்து மைக் முன்னால் நிறுத்தினான். "நீதான் கொல்லைப்புறத்துல கத்துவியே, கத்து." நான் கத்தவில்லை. மூச்சை இழுத்து, ஒரு விநாடி விட்டு, டெல்லிச் செய்தி மாதிரியே ஆரம்பித்தேன்: "ஓர் அறிவிப்பு. மொட்டையடித்த, மஞ்சள் டவுசர் அணிந்த, சுமார் நான்கு வயதுச் சிறுவன் ஆழ்வார்புரம் தண்ணீர்ப்பந்தலில் பத்திரமாக இருக்கிறான்." சொல்லி முடித்ததும் கூட்டத்தில் ஒரே சிரிப்பு. அன்றைக்கு ஆற்றங்கரையில் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு மொட்டைதான், டவுசரும் மஞ்சள்தான். அழகருக்கு நேர்ந்துகொண்டு அங்கேயே முடி எடுப்பார்கள். இன்னொரு தடவை பார்த்தேன், இடது காதில் மட்டும் சின்னக் கடுக்கன். அதைச் சேர்த்துச் சொன்னேன். தோப்பரையில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள். தீப்பந்தம் ஏந்தியவர் ஒருவர், "யாருப்பா அது ரேடியோவுலருந்து வந்துருக்கு?" என்று கேட்டாராம். அந்தத் தாய் ஓடி வந்து பிள்ளையைப் பிடுங்கி, முதுகில் ரெண்டு வைத்து, அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள். திருப்புவனத்துக்காரி. எனக்கு ஒரு முழம் மல்லிகைப்பூவை அறுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். ராத்திரி சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "தெளிவா இருந்துச்சு" என்றார்.

என் வானொலி வாழ்க்கை அத்தோடு சரி.

யாரும் என்னைத் தடுக்கவில்லை. இந்த மாதிரிக் கதைகளில் ஒரு கொடுமைக்கார அப்பா வருவார், ஒரு கல்யாணம் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும். எங்கள் வீட்டில் அதெல்லாம் இல்லை. காமராசர் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழியில் பி.காம். கட்டினேன். இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் முடித்தேன். லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பித்து, சீனியாரிட்டியை முட்டையை அடைகாப்பதுபோல் காத்தேன். அது பொரிக்கவே இல்லை. மதுரைக்கு வானொலி நிலையம் வந்திருந்த சமயம் அது. எண்பதுகளின் கடைசிவரை எங்களுக்குத் திருச்சியும் திருநெல்வேலியும்தான். 1990 வாக்கில் ஒரு குரல் தேர்வுக்குப் போனேன். வாசிக்கக் கொடுத்த தாளில் கோர்பச்சேவ் இருந்தார், மண்டேலா இருந்தார், நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹோக் இருந்தது. தடுமாறாமல் வாசித்தேன். கடிதம் வரவில்லை. தேர்வானவர்களை அப்புறம் ரேடியோவில் கேட்டேன். நன்றாகத்தான் வாசித்தார்கள். இரண்டு பேர் என்னைவிட நன்றாக வாசித்தார்கள். அநியாயம் நடந்தது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பதினைந்து வருடத்துக்கு மேல் கழித்துத் தனியார் எஃப்.எம்.கள் மதுரைக்கு வந்தபோதுதான் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பெட்டியைத் திருப்பினால் "வாங்கண்ணே, என்னண்ணே சாப்டீங்களா" என்று ஒரு பெண் பேசுகிறாள். துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து நான் துடைத்தெடுத்தேனே, அதே இழுவை. அதற்குத்தான் அந்தப் பெண்ணுக்குச் சம்பளம்.

வக்கீல் ஆபீஸுக்கு நான் போனது தற்காலிகமாக. மதுரையில் தற்காலிகம் என்று ஆரம்பித்த எல்லாமே நிரந்தரம். அண்ணா பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரத்தில் சீனியரின் ஆபீஸ். ஒரு குமாஸ்தா அண்ணன், ஒரு ரெமிங்டன் மெஷின், கூரை வரைக்கும் கேஸ்கட்டு. கார்பன் தாள் நாலு வைத்து அடித்தால் கடைசிப் பிரதி புகைமூட்டமாக வரும். அதைத்தான் எதிர்க்கட்சி வக்கீலுக்குக் கொடுப்போம். அப்போதெல்லாம் ஹைகோர்ட் என்றால் சென்னை. கட்டைத் தூக்கிக்கொண்டு பாண்டியனில் ராத்திரி ஏறுவார்கள், வாய்தா வாங்கிக்கொண்டு மறுநாள் ராத்திரி திரும்புவார்கள். சிவகங்கைப் பக்கத்து விவசாயி ஒருவர் அரை ஏக்கர் வழக்குக்காகப் போய் வந்த ரயில் செலவில் கால் ஏக்கர் வாங்கியிருக்கலாம். 2004 ஜூலை 24-ம் தேதி உலகனேரியில் மதுரைக் கிளை திறந்தார்கள், 13 மாவட்டங்களுக்கு. அன்றோடு எங்கள் ஆபீஸின் போக்கே மாறியது. மெஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, வானவில் எழுத்துரு வந்தது, இப்போது இ-ஃபைலிங். நடுவில் எனக்குக் கல்யாணம் ஆனது, மின்வாரியத்துக்காரர், ஒரு மகள், அவள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். இதில் விசேஷமாகச் சொல்ல ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறோம்.

செல்லூர்க்காரி சொன்ன அந்த 'வாசிப்பு' என்ன என்று சொல்ல வேண்டும். அஃபிடவிட் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். கையெழுத்துப் போடுகிறவருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால், அல்லது கைநாட்டாக இருந்தால், அதைத் தமிழில் படித்துக் காட்டி, விளங்கிக்கொண்டார் என்று எழுத வேண்டும். சட்டப்படி வக்கீல் செய்ய வேண்டியது. எங்கள் ஆபீஸில் சீனியர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வாசிக்கிற வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. பல இடங்களில் இது பேருக்கு நடக்கிறது என்பது ஊரறிந்த விஷயம். "எல்லாம் சரியாத்தான் இருக்கு, இங்க வைங்க கைய" என்று முடித்துவிடுவார்கள். எங்கள் சீனியர் அதற்கு விடமாட்டார்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அப்பத்தா வந்திருந்தார். பாகப்பிரிவினை வழக்கு. காதில் தண்டட்டி போட்டு வளர்ந்த துளை, தண்டட்டி இல்லை. நான் வழக்கம்போல நிறுத்தி நிறுத்தி வாசித்துக்கொண்டு போனேன். சொத்து விவரம் வந்தது. "இதற்கு நான்குமால்: கிழக்கே பெரியாற்று வாய்க்கால், மேற்கே..."

"நிறுத்து தாயி."

நிறுத்தினேன்.

"வாய்க்கா மேக்கால்ல கெடக்கு? கெழக்க எங்க கொழுந்தன் வயலு. பொழுது வாய்க்காலுக்கு அங்கிட்டுத்தான உழும்."

சீனியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய பத்திரத்தை எடுத்தார். பத்திரத்திலேயே அப்படித்தான் இருந்தது. புலப்படத்தை வரவழைத்துப் பார்த்தபோது அப்பத்தா சொன்னது சரி. யாரோ ஒரு பத்திர எழுத்தர் எந்தக் காலத்திலோ கிழக்கையும் மேற்கையும் மாற்றி எழுதி, அதைப் பார்த்து அடுத்தவர் எழுதி, இரண்டு தலைமுறையாக அந்த வாய்க்கால் தாளில் இடம் மாறிக் கிடந்திருக்கிறது. படிக்கத் தெரிந்த எத்தனையோ பேர் கையில் அந்தப் பத்திரம் போய்வந்திருக்கும். காதால் கேட்ட ஒரு கைநாட்டுக்காரர் பிடித்துவிட்டார். திருத்தி அடித்து மறுபடி வாசித்தேன். "மேற்படி என் கணவர், காலஞ்சென்ற" என்று பெயர் வந்த இடத்தில், "அத மட்டும் இன்னொருக்கா வாசி தாயி" என்றார். வாசித்தேன்.

இந்த வேலையை நான் நன்றாகச் செய்கிறேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கொல்லைப்புறக் கல்லில் உட்கார்ந்திருந்த பெண் கேட்டது இதை அல்ல. அவளுக்கு வேண்டியிருந்தது யாரும் குறுக்கே பேசாத பத்து நிமிடம். இங்கே வரிக்கு வரி குறுக்கே பேசுகிறார்கள், பேசவும் வேண்டும், பேசாவிட்டால்தான் நான் பயப்பட வேண்டும். இரண்டும் வாயால் செய்கிற வேலை என்பதைத் தவிர ஒற்றுமை ஒன்றும் இல்லை. இதை அதனுடைய மறுபிறவி என்று சொன்னால் இரண்டுக்குமே மரியாதைக் குறைச்சல். 2022 ஆகஸ்டில் சரோஜ் நாராயணசுவாமி காலமானார் என்று செய்தி வந்த அன்று எனக்கு வருத்தமாக இருந்தது, யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அதில் என் பங்கு வருத்தமும் கொஞ்சம் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டுமே. அதை எதற்கு ஒருவர் வந்து தட்டிக்கொடுத்துச் சரிசெய்ய வேண்டும்?

அந்தக் கூட்டத்தில் என்னை உண்மையில் உலுக்கியது வேறு பேச்சு. சாப்பாடு முடிந்து, பன்னீர் பட்டர் மசாலாவைத் திட்டி முடித்து, வெற்றிலை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முனிச்சாலைக்காரி என்னை ஓரமாக அழைத்துப் போனாள். லட்சியம் 'வீட்ல சொல்றபடி' என்று எழுதியவள். அவளுக்குக் கல்யாணம் 1989 தை மாதம். எங்கள் செட்டில் முதல் கல்யாணம், எல்லோரும் போயிருந்தோம். சட்டசபைத் தேர்தல் நேரம். ஊரில் இருந்த மைக் செட்டெல்லாம் பிரச்சாரத்துக்குப் போய்விட்டது, பாட்டே போடாத கல்யாணம். அனுப்பானடிக்காரிக்கு அதே வருடம் ஆவணியில் நடந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் ஏழு மாதம்.

அந்த ஏழு மாதத்துக்குள் ஒரு தேதி வருகிறது: 1989 மார்ச் 25. பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் பங்கு என்று தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணம் ஆன பெண்களுக்கு மட்டும் அது கிடையாது. ஆவணியில் கட்டிக்கொண்டவளுக்கு உண்டு, தையில் கட்டிக்கொண்டவளுக்கு இல்லை. பெண்ணுக்கு அரசு வேலையில் 30 சதவீத இடஒதுக்கீடும், ஏழைப் பெண்ணுக்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவியும் வந்ததும் அந்த வருடம்தான். பள்ளியை விட்டு நாங்கள் வெளியே வந்த மறுவருடம் இத்தனை நடந்திருக்கிறது, எங்களில் ஒருத்திக்கும் அப்போது தெரியாது. நாங்கள் ரோஜாப்பூ வரைந்துகொண்டிருந்தோம். (இப்போது அந்தத் திருமண உதவியே மாறி, அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்று ஆகிவிட்டது. எங்கள் ஆபீஸ் ஜூனியரின் தங்கை வாங்குகிறாள். கையில் காசு வந்த அன்று முதல் வேலையாக இயர்போன் வாங்கினாள். வாங்கட்டும்.)

முனிச்சாலைக்காரியின் அப்பா காலமாகிப் பல வருடம் ஆகிறது. தாத்தா காலத்து வீடு, இரண்டு கடை. அண்ணன்மார் இப்போது விற்கப் போகிறார்கள். அவளிடம் ஒரு கையெழுத்துக் கேட்கிறார்கள்.

"பங்கு இல்லைனா கையெழுத்து எதுக்குடி கேக்குறாங்க?" என்றாள்.

அதைவிடச் சரியான கேள்வியை நான் எந்தக் குறுக்கு விசாரணையிலும் கேட்டதில்லை. 

அவளுக்குத் தெரியாத மீதியைச் சொன்னேன். 2005 செப்டம்பர் 9-ல் மத்தியச் சட்டமும் திருந்தியது. அதில் கல்யாணம் எப்போது ஆனது என்ற கணக்கு இல்லை. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று வெகு நாள் இழுபறியாக இருந்ததை 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தேவையில்லை என்று தீர்த்து வைத்தது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் முறையாகப் பதிவு செய்து பாகம் பிரித்திருந்தாலோ, கோர்ட் தீர்ப்பு வழியாகப் பிரித்திருந்தாலோ அதைத் தொட முடியாது. சும்மா ஊர்ப் பெரியவர்களை வைத்துக் கூர்ச்சீட்டு எழுதி வைத்துக்கொண்டது அந்தக் கணக்கில் சாதாரணமாக நிற்காது. நான் வக்கீல் இல்லை, டைப்பிஸ்ட், இதையும் அவளிடம் சொன்னேன்.

அவள் உடனே சண்டைக்குக் கிளம்பவில்லை. அண்ணிகள் நல்லவர்கள் என்றாள். பிரசவத்துக்குப் பார்த்தார்கள், சீர் குறை வைக்கவில்லை என்றாள். "கேட்டா தாய் வீடு போயிரும்லடி" என்றாள். இதற்குச் சட்டத்தில் பதில் கிடையாது. எத்தனையோ பெண்கள் எங்கள் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து இதைச் சொல்லிவிட்டு, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுப் போயிருக்கிறார்கள். எல்லோரையும் ஏமாந்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது; சிலர் கணக்குப் பார்த்துத்தான் போடுகிறார்கள், அண்ணன் வீட்டு வாசல் அரைப் பங்கைவிடப் பெரிது என்று. ஆனால் தனக்கு என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு விட்டுக்கொடுப்பதும், தெரியாமல் விட்டுவிடுவதும் எனக்கு ஒன்றாகப் படவில்லை. அதை மட்டும் அவளிடம் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன்.

கூட்டம் முடிந்து ஒரு வாரம் வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக வந்துகொண்டிருந்தது. சிந்தாமணிக்காரி, அப்பளக் கம்பெனி வைத்திருப்பவள், எனக்குக் கனவுன்னு ஒண்ணும் இல்ல என்று மேடையிலேயே சொன்னவள், எல்லோருக்கும் ஒரு கட்டு அப்பளம் அனுப்பி வைத்தாள். செல்லூர்க்காரி என்னிடம், "மூஞ்சிய ஏன்டி அப்டி வச்சிருந்த ஃபோட்டோல?" என்று கேட்டாள். காரணத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் டைப் செய்துகொண்டே இருப்பதாகக் காட்டியது, கடைசியில் "சரி போடி" என்று மட்டும் வந்தது. மறுநாள் அவளே கூப்பிட்டு, நர்ஸாகப் போனவளும் தன்னிடம் இதையேதான் சொன்னாள் என்றாள்.

முனிச்சாலைக்காரி பத்து நாள் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு காலையில் வாய்ஸ் மெசேஜ். பின்னால் குக்கர் விசில், யாரோ கதவைத் தட்டுகிறார்கள், அவள் அதற்கெல்லாம் நிறுத்தாமல் பேசிக்கொண்டு போகிறாள். கையெழுத்துப் போடுவதற்கு ஒரு மாதம் டைம் கேட்டிருக்கிறாளாம். அண்ணன் காரணம் கேட்டாராம், "படிச்சுப் பாத்துட்டுப் போடுறேண்ணே" என்றாளாம். வில்லங்கம் போட்டுப் பார்க்க என்னென்ன வேண்டும் என்று கேட்டிருந்தாள். சர்வே நம்பர், கதவு எண், எந்தச் சார்பதிவாளர் அலுவலகம், எந்த வருடத்திலிருந்து என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். 1985-லிருந்து போடச் சொல்லியிருக்கிறேன். பாகப்பத்திரம் ஏதாவது பதிவாகியிருந்தால் அதில் தெரிந்துவிடும். நகலோடு வியாழக்கிழமை ஆபீஸுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். சீனியரிடம் நேரம் கேட்டு வைத்திருக்கிறேன், நாலு மணிக்கு.